மிதிவண்டிச் சித்தரும் ஒரு கிலோ சர்க்கரையும்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் அந்த மூன்று மாதமும் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஏறுகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பை. பைக்குள் ஒரு கிலோ சர்க்கரை. கண்டக்டரிடம் யாரும் ஊர்ப் பெயர் சொல்வதில்லை. "சித்தர் ஸ்டாப்பிங்" என்றார்கள். அவரும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அந்த ஏரிக்கரையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நாங்கள் பதினொரு வருஷம் மனுக் கொடுத்தோம். நிற்கவில்லை. ஒரு சித்தர் வந்து உட்கார்ந்தார், பஸ் நின்றது. அந்த அளவில் அவர் அற்புதம் செய்தவர்தான். நான் மறுக்கவில்லை.

அவர் பெயர் மிதிவண்டிச் சித்தர். ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு மேடை, மேடைமேல் ஸ்டாண்டு போட்ட ஒரு சைக்கிள். பின்சக்கரம் தரையில் படாது. காவி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சித்தர் அதன்மேல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவர் நூற்றெட்டுச் சுற்று மிதிப்பார். அவர் மிதிக்க மிதிக்க உங்கள் உடம்பிலிருக்கும் சர்க்கரை கரையும். நீங்கள் நடக்க வேண்டாம், சோற்றைக் குறைக்க வேண்டாம், டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டாம். வியர்வை அவருக்கு, குணம் உங்களுக்கு. இவ்வளவு சொகுசான வைத்தியத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சும்மா நம்பச் சொல்லியிருந்தால் நம் ஜனங்கள் நம்பியிருப்பார்களா? நம்பியிருப்பார்கள்தான். ஆனால் சித்தர் நவீனமானவர். மெஷின் வைத்து நிரூபித்தார். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் சர்க்கரை அளவைக் காட்டுகிற அந்தச் சின்ன மெஷின்தான்.

முறை இதுதான். போனவுடன் வலது கையில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவக்கூடாது, துணியில் துடைக்கக்கூடாது, பிரசாதக் கை. அந்தக் கையை நீட்டினால் விரலில் குத்துவார்கள். நானூற்றுப் பத்து, நானூற்று எழுபது என்று மெஷின் அலறும். பிறகு சித்தர் மிதிப்பார். பெல் அடிப்பார். ஒரு சொம்பு ஏரித் தீர்த்தத்தை அந்தக் கையில் ஊற்றி நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்வார். மறுபடி குத்தினால் நூற்று எண்பது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொண்டுவந்த ஒரு கிலோவைச் சித்தர் காலடியில் வைத்துவிட்டு, உடம்பிலிருந்ததும் கையிலிருந்ததும் ஒன்றாக இறங்கிய நிம்மதியோடு பஸ் ஏறுவார்கள்.

குத்துகிற வேலை முனியம்மாளுக்கு. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள், இப்போது கையில் மெஷினும் வாயருகே மைக்குமாக லேப் டெக்னீசியன் ஆகிவிட்டாள். ஒவ்வொரு நம்பரையும் அவள் மைக்கில் சொல்லும்போது ஏரிக்கு அந்தப் பக்கம் நாற்று நடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்கும் சுகர் உண்டு. சித்தரிடம் வந்தது முதல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பாதம் இரண்டும் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நோய் வெளியேறும்போது அப்படித்தான் எரியும் என்று சித்தர் விளக்கம் கொடுத்திருந்தார்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த சைக்கிளை விற்ற பாவி நான்தான். சாலவாக்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுப்பிரமணி.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு நாற்பது பேர் சைக்கிளில் வந்தார்கள். எல்லோருக்கும் சிவப்புச் சட்டை, தலையில் ஹெல்மெட். காற்றடிக்க என் கடையில் நின்றார்கள். கார்த்திக் என்பவர்தான் தலைவர். குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோய்க்காக, டைப் ஒன் என்பார்களே அதற்காக, முந்நூறு கிலோமீட்டர் மிதிக்கிறோம் என்றார். அவர்கள் மிதிக்கிற தூரத்துக்குத் தெரிந்தவர்கள் நன்கொடை கொடுப்பார்களாம். அது நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்குப் போகுமாம். நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

முனியம்மாள் கூடையோடு நின்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டாள்.

"அதெல்லாம் சர்தாம்பா. எந்தக் கோயிலுக்கு வேண்டுதலு?"

கார்த்திக் விழித்தார். கோயில் இல்லை, ஆராய்ச்சி என்று மூன்றாவது தடவை சொன்னார். முனியம்மாளுக்கு அது அவசியமே இல்லை. ஒருவருக்கு உடம்பு சரியாக இன்னொருவர் அங்கப்பிரதட்சணம் செய்வதும், தீ மிதிப்பதும் எங்கள் பக்கத்தில் தினப்படி சமாசாரம். அவளே தன் மகன் வினோத்குமார் பரீட்சையில் பாஸாக வேண்டுமென்று தீ மிதித்தவள்தான். அவன் புத்தகத்தைத் தொடவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் இங்கே மிதிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அங்கே குறைகிறது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாஸ்து மீன் விற்றுப் பார்த்தவர், ராசிக்கல் விற்றுப் பார்த்தவர், கடைசியாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் ஆறு மாதம் இருந்து, போதும் என்று அவர்களாலேயே அனுப்பப்பட்டவர். எட்டு மாதம் கழித்துத் தாடியோடு என் கடைக்கு வந்தார். நகராத மாதிரி ஒரு சைக்கிள் வேண்டும் என்றார். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். பிரேக் இல்லை. சொன்னேன். நிற்கிற வண்டிக்கு எதுக்கு பிரேக் என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தகுதி பார்த்துக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஏகாம்பரத்திடம் உன் தகுதி என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தரைப் பார்க்க வருகிற வண்டிகளுக்கெல்லாம் என் கடையில்தான் பஞ்சர். என் யோக்கியதை அவ்வளவுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கையாக வந்த சர்க்கரை என்ன ஆயிற்று என்கிறீர்களா? விடியற்காலையில் மொபெட்டில் மூட்டை மூட்டையாக ஸ்வீட் கடைகளுக்குப் போயிற்று. மிச்சத்தில் பஞ்சாமிர்தம். ஊருக்கெல்லாம் சர்க்கரையைக் குறைத்தவர், அதை ஜிலேபியாக ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்.

இதுவரை சிரிப்புதான். டேனியல் தன் மகளை அழைத்துக்கொண்டு போனதிலிருந்து எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

டேனியல் கொத்தனார் வேலைக்குப் போகிறவன். மனைவி மார்த்தாள் களையெடுக்கப் போகிறவள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம். சித்தருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. காலனி, ஊர், கோயில், சபை என்று எந்த வித்தியாசமும் பார்க்கமாட்டார். கையில் ஒரு கிலோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இவர்கள் மகள் சுகிர்தாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதில் வந்தது இந்த டைப் ஒன். மிட்டாய் தின்று வந்ததல்ல, பட்டினி கிடந்தால் போவதுமல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோன நோய். ஊசி போட்டால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல ஓடும், ஆடும், படிக்கும். நிறுத்தினால் சில நாளில் உயிர் போய்விடும். ஊசிக்கும் சாவுக்கும் நடுவில் வேறு சந்து இருக்கிறதா என்று தேடத்தான் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் மிதிக்கிறார்கள்.

சுகிர்தாவுக்கும் விரலில் குத்தினார்கள். ஐந்நூற்று இருபது. சித்தர் மிதித்தார், தீர்த்தம் விட்டார். நூற்று அறுபத்தைந்து. டேனியல் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த சைக்கிள்காரர்கள் இந்த வருஷமும் இந்த வழியாக வருவது சித்தருக்குத் தெரியும். அவர்கள் முன்னிலையில் இந்தப் பிள்ளைக்குக் கடைசி மிதி மிதித்து, இன்சுலின் பாட்டிலையும் ஊசிகளையும் ஏரியில் விட்டுவிடலாம் என்று அறிவித்தார். நோட்டீஸ்கூட அடித்துவிட்டார்கள். தலைப்பு, ஊசி விசர்ஜன விழா.

மார்த்தாள் முடியாது என்றாள். இரண்டு நாள் சண்டை. என் கடை வாசலில் நின்று டேனியலிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு நாளைக்கு நாலு ஊசிண்ணா. வயித்துல, தொடைல குத்தாத எடம் இல்ல. அஞ்சு வருசமா பாத்துக்கினு கீறேன். நிக்கும்னு ஒருத்தன் சொல்றான், மிசினும் சொல்லுது. நீ மட்டும் நிக்காதுன்ற."

பெற்றவன் ஆசையை எந்த மெஷினில் அளப்பது?

மறுநாள் சுகிர்தா பஞ்சர் போட வந்தாள். ஐந்து வருஷமாகத் தன் விரலில் தானே குத்திக்கொள்கிற பிள்ளை. அந்த மெஷினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சித்தருக்குத் தெரிந்ததைவிட அதிகம். சித்தரிடம் போன அன்று காலையில் வீட்டில் பார்த்தபோது நூற்று அறுபதுதான் இருந்ததாம். கொட்டகையில் மட்டும் ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாளாம். யோசித்தாள் என்ற சொல்லை அந்த மூன்று மாதத்தில் நான் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன். வீட்டில் இரண்டு ஸ்ட்ரிப் செலவழித்து ஒரு சோதனை செய்திருக்கிறாள். ஸ்ட்ரிப்பை வீணடித்ததற்கு அம்மாவிடம் திட்டு. கண்டுபிடித்ததை அப்பாவிடம் சொன்னதற்கு, நம்ம வீட்டு மெஷின் பழசு என்று பதில்.

"சொன்னா நைனா நம்பாதுண்ணா. அந்த மிசினே சொல்லணும்" என்றாள்.

என்ன கண்டுபிடித்தாள் என்று என்னிடம் சொன்னாள். கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிற்கிற சுகம் போய்விடும். வாருங்கள், கொட்டகைக்குப் போவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஏரிக்கரை கொள்ளவில்லை. பலூன்காரன், ஐஸ்காரன், சுகர் பேஷண்டுகளுக்காகவே ஒரு ஜிலேபிக் கடை. சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். ஊர் தண்ணீர் கொடுக்கக் கூப்பிடுகிறது என்று நம்பி இறங்கினார்கள். அவர்கள் கழுத்தில் மாலை விழுந்தது. இவர்கள் எல்லோரும் சித்தரின் பட்டணத்துச் சீடர்கள் என்று மைக்கில் சொன்னார்கள். கார்த்திக் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவர் வாயருகே மைக் போகவில்லை.

டேனியல் ஒரு சின்ன மண்பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பானைத் தண்ணீருக்குள் இன்னொரு டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில். அப்படித்தான் ஐந்து வருஷமாக அதைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். மார்த்தாள் அவன் பின்னாலேயே வந்தாள். பானை ஏரிக்குப் போனால் தானும் ஏரிக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

சித்தர் சைக்கிளில் ஏறினார். சுகிர்தா எதிரே உட்கார்ந்தாள். சித்தரே தன் கையால் பஞ்சாமிர்தம் அள்ளி அவள் வலது கையில் வைத்தார். காலையிலிருந்து அவர்தான் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கை வரை வழிந்தது. சுகிர்தா அதைத் தின்னவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். முனியம்மாள் மெஷினோடு குனிந்தாள்.

சுகிர்தா இடது கையை நீட்டினாள்.

கூட்டம் ஒரு மாதிரி முனகியது. சாமி முன்னால் இடது கையை நீட்டிய பிள்ளையை எங்கள் ஊர் பார்த்ததே இல்லை. அந்த மூன்று மாதத்தில் வந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்தர்கூட நீட்டவில்லை. சித்தரின் பிழைப்பே அந்த மரியாதையில்தான் ஓடியது.

"சோத்துக் கைய நீட்டும்மா" என்றார் சித்தர்.

எழுதுகிற கையில் குத்தினால் வலிக்கும், இதில்தான் எப்போதும் குத்துவேன் என்றாள் சுகிர்தா. பச்சைப் பிள்ளை, குத்திவிட்டுப் போ என்று யாரோ சொன்னார்கள். சித்தர் வேண்டாம் என்பதற்குள் முனியம்மாள் குத்திவிட்டாள். பழக்க தோஷத்தில் மைக்கிலும் சொல்லிவிட்டாள்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு."

சித்தர் இன்னும் ஒரு சுற்றுகூட மிதிக்கவில்லை.

மெஷின் கெட்டுவிட்டது என்றார் சித்தர். அப்படியானால் இந்தக் கையிலும் பாருங்கள் என்று சுகிர்தா பஞ்சாமிர்தக் கையை நீட்டினாள். முனியம்மாள் குத்தினாள். நானூற்று எண்பத்தெட்டு. ஒரே பிள்ளை, ஒரே நிமிஷம், இரண்டு கை, இரண்டு சுகர். இடது கை அசுத்தம், தெய்வ காரியத்தில் மெஷின் அதற்குச் சரியாக வேலை செய்யாது என்று சித்தர் ஆரம்பித்தார்.

சுகிர்தா முனியம்மாளிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எந்தக் கையில குத்துனாலும் ஒரே ரெத்தம்தான். சுகரு என் ஒடம்புல இல்ல, இந்தக் கைல கீது. பஞ்சாமிர்தம் ஒட்டிக்கினு கீது. இவரு தண்ணி ஊத்துனா கழுவிக்கினு பூடும். வோணும்னா இவரு கைலயே குத்திப் பாருங்க."

தனக்குச் சர்க்கரை என்பதே கிடையாது, தான் காற்றைக் குடித்து வாழ்கிறவன் என்று சித்தர் வாராவாரம் சொல்லுவார். ஆகவே அவருக்கும் குத்திப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. சித்தர் கையை இழுத்துக்கொண்டார். முனியம்மாள் விடவில்லை. மூன்று மாதமாக மாத்திரை இல்லாமல் எரிகிற பாதத்தோடு நிற்கிறவள். அவள் பிடி எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"நம்பரே வரல. இங்கிலீசு வருது. ஹெச்சு, ஐ."

மெஷின் சித்தருக்கு ஹாய் சொல்கிறது என்று பின்வரிசையில் இரண்டு பேர் பக்தியோடு கும்பிட்டார்கள். அறுநூறுக்கு மேல் போனால் மெஷினால் எண்ண முடியாது, அப்போதுதான் இப்படிக் காட்டும் என்று சுகிர்தா விளக்கினாள். காற்றைக் குடித்து வாழ்கிறவருக்கு அறுநூறுக்கு மேல். கார்த்திக் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், நாற்பது ஹெல்மெட்டும் குலுங்கியது.

முனியம்மாள் சிரிக்கவில்லை. "டேய் ஏகாம்பரம்" என்றாள். சித்தரின் பெயர் அது என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும். கூட்டம் மேடையை நெருக்கியது. ஏகாம்பரம் பயத்தில் மிதிக்க ஆரம்பித்தார். வேறு என்ன செய்வார், மூன்று மாதமாக எல்லாப் பிரச்சினைக்கும் அவர் செய்துவந்தது அதுதானே. யாரோ இடித்ததில் ஸ்டாண்டு மடங்கியது. பின்சக்கரம் தரையைத் தொட்டது. நகரவே நகராத சைக்கிள் நகர்ந்தது. மேடைக்கு ஏறச் சாய்த்துப் போட்டிருந்த பலகை வழியாக இறங்கி, ஜிலேபிக் கடையைச் சாய்த்து, கரைச் சரிவில் திரும்பியது. பிரேக்கைத் தேடிப் பிடித்த அவர் முகத்தை நான் பார்த்தேன். வாங்கும்போதே சொன்னேன் என்று கத்தினேன், கேட்டிருக்காது. வேட்டி பறக்க, பெல் தானாக அடிக்க, மிதிவண்டிச் சித்தர் நேராக ஏரிக்குள் போய் முழங்கால் தண்ணீரில் ஆகாயத்தாமரை நடுவே உட்கார்ந்தார்.

வினோத்குமாரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி இழுத்து வந்தார்கள். சொட்டச் சொட்ட நின்றார். அடிக்கக் கை ஓங்கியவர்களை விலக்கிக்கொண்டு சுகிர்தா முன்னால் வந்தாள்.

"அடிக்காதீங்க. இப்ப கை சுத்தமா கீது. இன்னொரு வாட்டி குத்துங்க."

முனியம்மாள் அவர் கையைத் தன் முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தினாள். நூற்று நான்கு. மைக் இல்லாமலே அது கரை முழுக்கக் கேட்டது. மிதித்த தூரம் முப்பது கஜம், குறைந்த சர்க்கரை ஐந்நூறு. இப்படிக் குறைக்கிற தீர்த்தம் எல்லார் வீட்டுக் குழாயிலும் வருகிறது, தண்ணீர் வருகிற நாளில்.

கொட்டகைக்குப் பின்னால் பதினேழு மூட்டை சர்க்கரை இருந்தது. ஏகாம்பரத்தை உத்திரமேரூர் போலீஸ் அழைத்துக்கொண்டு போனது. முனியம்மாள் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். அவள் பாதம் எரிந்ததற்குக் காரணம் அங்கே தெரிந்தது, மாத்திரை மறுபடி ஆரம்பித்தது.

அன்று கரையிலிருந்து எல்லோரும் கலையும்போது டேனியல் மட்டும் பானையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். தண்ணீர் ஓரத்திலிருந்து நாலடி. மகள் போய் அவன் முழங்கையைத் தொட்டாள். "நிக்கும்னு நெனச்சிட்டேம்மா" என்றான். எனக்குத் தெரியும் நைனா என்றாள். பிறகு கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு விரலில் குத்திப் பார்த்து, வண்டி ஓட்டப் போவதால் இரண்டு பிஸ்கட் தின்று, இன்னும் நாலைந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என் கடையிலிருந்து தன் சைக்கிளை எடுத்தாள். உத்திரமேரூர் வரை உங்களோடு வரட்டுமா என்று கார்த்திக்கிடம் கேட்டாள். அவர் தன் பையில் மீதியிருந்த ஒரு சிவப்புச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். முழங்கால் வரை தொங்கியது. நாற்பத்தொரு சைக்கிளும் பெல் அடித்துக்கொண்டு போயின.

டேனியல் வீட்டுக்கு நடந்தான். தெருவில் மேடு பள்ளம் பார்த்து, ஒரு சொட்டு தளும்பாமல், அந்தப் பானையை ஏந்திக்கொண்டு நடந்தான்.

என் கடையில் இப்போது ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பும் வைத்திருக்கிறேன். சைக்கிள்காரர்கள் கண்டுபிடிக்கப் பாடுபடுகிற மருந்து வர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ, தெரியாது. அதற்குள் அடுத்த சித்தர் வந்துவிடுவார், அது மட்டும் நிச்சயம். இப்போதே ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தகரம் இறக்குவதாகப் பேச்சு. அவர் வரட்டும், உட்காரட்டும், உங்களைக் கையை நீட்டச் சொல்லட்டும். எந்தக் கையை, ஏன் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டுவிட்டது. உங்களுக்கு என்ன வயதாகிறது?